மச்சவாக்கு சாமியின் கழுவாத தொட்டி

குற்றாலம் ஐந்தருவியில் குளித்தவர்கள் தலையைத் துவட்டாமலே ஓடிப்போய் நின்ற வரிசை ஒன்று இந்த சீசனில் இருந்தது. பஜ்ஜிக் கடை வரிசை என்று நினைத்து நின்ற சிலரும், பஜ்ஜி கிடைக்காத வருத்தத்தில் எதிர்காலத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். வரிசையின் முடிவில் ஒரு மீன்தொட்டிக் கடை. கடைக்குள்ளே காவித்துண்டோடு, மீனிடம் வாக்குக் கேட்டுச் சொல்லும் மச்சவாக்கு நமசிவாய சுவாமிகள்.

போன சீசன் வரை அவர் வெறும் நமசிவாயம். அருவிக்கரையில் ஜட்டியும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்றார். ஜட்டி விற்றவர் ஞானம் அடையக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அடைந்துவிட்டார்.

அவருடைய தத்துவம் எளிமையானது. தலையில் புடைப்பு உள்ள பிளவர்ஹார்ன் மீனை வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். புடைப்பு வளர்ந்தால் செல்வம் வளரும். மீன் உயிரோடு இருந்தால் யோகம் வேலை செய்கிறது என்று பொருள். மீன் செத்துப்போனால், குடும்பத்துக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று பொருள். உடனே அடுத்த மீன் வாங்கிவிட வேண்டும், கண்டம் காத்திருக்காது. ஆக, மீன் பிழைத்தாலும் சாமிக்கு வெற்றி, செத்தாலும் சாமிக்கு வெற்றி. தோற்க வழியே இல்லாத இந்த ஏற்பாட்டில் மீனுக்கு மட்டும் கொஞ்சம் நஷ்டம்.

பராமரிப்பு முறையையும் சாமியே அருளினார். செவ்வாயும் வெள்ளியும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கல், கண்ணாடி, பில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நிரப்பி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு கை தீனி போட வேண்டும். தென்காசிப் பெண்களுக்குத் தேய்க்கச் சொல்லித்தர வேண்டுமா? தேய்த்தார்கள். தொட்டிகள் பளபளத்தன. மீன்கள் செத்தன. ஊர் முழுக்கக் கண்டம் விலகியது.

மூன்றாவது மீனும் செத்தால் விஷயம் பெரிது. வீட்டுக்குள் யாரோ ஒருவருக்குக் கண் சரியில்லை என்று பொருள். சாமி வீட்டுக்கே எழுந்தருளி, அது யார் என்று மீனிடம் கேட்டுச் சொல்வார். எந்த வீட்டிலும் மீன் வீட்டுக்காரரைக் காட்டியதில்லை. மருமகள், புருசன் இல்லாத தங்கச்சி, மாடியில் வாடகைக்கு இருப்பவள் என்று, எதிர்த்துப் பேச முடியாத ஆளாகப் பார்த்தே காட்டியது. மீனுக்கு அந்த அளவு உலக விவரம் இருந்தது.

தென்காசியில் மங்களேஸ்வரி வீட்டில் மூன்று மீன்கள் செத்தன. நாலாவது மீன் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சாமி வரவழைக்கப்பட்டார். பக்கத்து வீட்டுச் சுகிர்தமும் தையல் மிசினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் மீனுக்கு மதம் இல்லை என்று சாமி தெளிவாகச் சொல்லியிருந்ததால் அவள் வீட்டிலும் தொட்டி உண்டு.

"பசிக்கோ சாமி, இப்படி வாயப் பிளக்குது?" என்றாள் மங்களேஸ்வரி.

"பசி இல்லம்மா. பேசுது."

"என்ன பேசுது?"

சாமி கண்ணாடியில் காதை வைத்தார். கண்ணை மூடினார். "காலடி சரியில்லங்குது. இந்த வீட்டுக்குப் புதுசா வந்த காலடி."

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவை மூன்று: மீன்தொட்டி, ஃபிரிட்ஜ், மருமகள் யோகலட்சுமி. ஃபிரிட்ஜுக்கும் கால் இருந்தது. ஆனாலும் எல்லோரும் யோகலட்சுமியைத்தான் பார்த்தார்கள்.

யோகலட்சுமி வீரகேரளம்புதூர்ப் பெண். விலங்கியல் படித்தவள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அவள் மீனைப் பார்த்தாள்.

"அத்தை, அது பேசல. மூச்சு முட்டுது. செவுள் எப்படிச் செவந்து கெடக்கு பாருங்க. தண்ணி கெட்டுப்போச்சு."

"ஏட்டி, நேத்துத்தான தேச்சுக் கழுவுனேன்? புளி போட்டுத் தேச்சேன். அந்தக் கண்ணாடியில மொகம் பாக்கலாம். தண்ணி எப்படிக் கெடும்?"

"கழுவுனதுனாலதான் அத்தை கெடுது."

"பாத்தியளா சாமி, என்ன பேச்சு பேசுதா!" என்றாள் மங்களேஸ்வரி.

"மீன் சொன்னது சரியாப் போச்சு," என்றார் சாமி வருத்தத்தோடு.

யோகலட்சுமியின் கணவன் கணேசமூர்த்தி, செல்போன் ரிப்பேர்க் கடைக்காரன், மூலையில் நின்று வாயைத் திறந்தான். பிறகு மூடினான். மறுபடி திறந்தான், மூடினான். அவன் அருகே யாரும் காதைக் கொண்டுபோய் வைக்கவில்லை.

சாமி பரிகாரம் சொன்னார். ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது வழக்கம். போகட்டும். ஆவணியில் கூப்பிட வேண்டாம். ஆடிக்கு அனுப்புவது ஊர் வழக்கம். ஆவணியில் கூப்பிடாமல் விடுவது சாமியின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"எம்புட்டு நாளைக்கு சாமி?" என்று கேட்டாள் சுகிர்தம்.

"மீன் சொல்லும்."

யோகலட்சுமி அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். சுகிர்தம் அதற்காகவே கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றாள். ஆனால் யோகலட்சுமி, "போறேன் சாமி. நாளைக்கு உங்க கடைக்கு வந்து ஆசீர்வாதம் வாங்கிட்டே போறேன்," என்றாள்.

மறுநாள் ஐந்தருவியில் நல்ல சாரல். வரிசை சாலை வரை நீண்டிருந்தது. யோகலட்சுமி மாமியாரோடும் கணவனோடும் சாமி முன்னால் நின்றாள்.

"சாமி, மீன் சொன்னத மீன்கிட்டயே ஒரு தடவ திருப்பிக் கேட்டுருவோமா?"

"எப்படிம்மா?"

"ஒரே மாதிரி ரெண்டு புதுத் தொட்டி. ஒரே சைசுல ரெண்டு மீன். ஒண்ணு இங்கன, உங்க மந்திரத்துக்குள்ள இருக்கட்டும். எங்க அத்தையே வந்து நீங்க சொன்ன முறைப்படி கழுவி வைப்பாவ. இன்னொண்ண நான் எங்க ஊருக்குக் கொண்டுபோறேன். பகல் பூரா அது முன்னாலயே உக்காந்து கண்ணு வைக்கேன். என் மீன் செத்தா நான் ஆவணிக்கு இல்ல, எந்த மாசத்துக்கும் வரல."

வரிசையில் நின்றவர்கள் ஈரக்கையோடு போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார்கள். இத்தனை போன்களுக்கு முன்னால் மறுத்த சாமி எந்த ஊரிலும் இல்லை. நமசிவாயமும் மறுக்கவில்லை.

"இன்னொரு வரம் வேணும் சாமி."

"கேளும்மா."

சாமி உட்காரும் பலகைக்குப் பின்னால் அவருடைய சொந்தத் தொட்டி இருந்தது. அதில் ஒரு கிழட்டு மீன் கவலையில்லாமல் நீந்திக்கொண்டிருந்தது. கல்லெல்லாம் பாசி. ஸ்பாஞ்சு காப்பிப்பொடி நிறம்.

"அந்த ஸ்பாஞ்சுல பாதிய வெட்டி அழுக்கோட எனக்குப் பிரசாதமாக் குடுங்க."

மச்சவாக்குக்கு முதல்தடவையாக வாக்கு வரவில்லை. "அது... அழுக்கும்மா. வேண்டாம்."

"சாமி தொட்டி அழுக்கும் புண்ணியந்தான?"

"குடுங்க சாமி! பிள்ளை ஆசையாக் கேக்குதுல்லா!" என்று வரிசை உருகியது. பக்தர்களின் பக்தி சில நேரம் சாமிகளுக்கே தொல்லை. ஸ்பாஞ்சு வெட்டப்பட்டது.

யோகலட்சுமி சுரண்டை பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தாள். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, பிளீச்சிங் பவுடர் வாடை போக ஒரு நாள் ஆறவைத்தாள். அதன்பிறகே தொட்டியில் ஊற்றினாள். பாதி ஸ்பாஞ்சைப் பில்டருக்குள் வைத்தாள். மீனை விட்டாள். தீனியைச் சிட்டிகை கணக்கில் போட்டாள். தேய்க்கவில்லை. இரண்டு நாளைக்கொரு தடவை கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றினாள். மற்ற நேரமெல்லாம் முன்னால் உட்கார்ந்து, சொன்னபடி கண் வைத்தாள்.

மீனைக் கண்காணிக்க ஆள் வேண்டுமே என்று கணேசமூர்த்தி தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீரகேரளம்புதூர் போனான். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். அவன் மீனைப் பார்க்கத்தான் போகிறான் என்று அவன் தாய் நம்பினாள். அதுவும் மூடநம்பிக்கைதான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாதது.

மங்களேஸ்வரி தன் வேலையில் குறை வைக்கவில்லை. செவ்வாய், வெள்ளி மட்டும் போதாது என்று தினமும் கழுவினாள். முறை தவறியதால் மீன் செத்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? புளியை வீட்டிலிருந்தே ஊறவைத்துக் கொண்டுவந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் புண்ணியத்துக்கு ஒரு கை தீனி போட்டார்கள்.

சாமிக்கு முகம் வெளுத்தது. "இன்னைக்குக் கழுவாண்டாம்மா. கிரகம் சரியில்ல."

"நீங்கதான சாமி சொன்னிய? கிரகம் சரியில்லாத அன்னைக்குத்தான் ரெண்டு தடவ கழுவணும்னு?"

சொல்லியிருந்தார்தான். மங்களேஸ்வரி இரண்டு தடவை கழுவினாள்.

ஒரு வாரம் ஆனதும், நல்ல கூட்டம் உள்ள மத்தியான வேளையில், மந்திரத்துக்குள் இருந்த மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சாமி அதனிடம் காதை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மல்லாந்தது. மங்களேஸ்வரி கையில் புளியோடு நின்றாள்.

செய்தி போனது. கணேசமூர்த்தி மனைவியை பைக்கில் கூட்டிவந்தான். அவள் மடியில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை. பைக்குள்ளே அவளுடைய மீன், கண்ணால் ஒரு வாரம் பார்க்கப்பட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

சாமி சட்டென்று எழுந்து நின்றார். "பாத்தியளா! வீரகேரளம்புதூர்ல இருந்தே இவ கண்ணு இங்க வரைக்கும் பாஞ்சிருக்கு!"

கூட்டம் 'ஆமால்லா' என்றது. சாமி இன்னும் ஒரு சீசன் ஓட்டிவிடுவார் போல இருந்தது. அப்போது கணேசமூர்த்தி வாயைத் திறந்தான். இந்த முறை சத்தம் வந்தது.

"சாமி, அம்புட்டுத் தூரம் பாயுத கண்ணு, மூக்குக்கு முன்னால இருக்க மீன என்னத்துக்கு விட்டுச்சு?"

கூட்டம் அதற்கும் 'ஆமால்லா' என்றது.

யோகலட்சுமி மாமியாரிடம் திரும்பினாள். "அத்தை, இங்கன ஒரு வாரம் இருந்திய. சாமி அவுக தொட்டிய என்னைக்குக் கழுவுனாவ?"

மங்களேஸ்வரி யோசித்தாள். "கழுவவே இல்லட்டி. பெரியவுகளுக்கு முறை வேற போலன்னு இருந்தேன்."

"பாவம், அவுகளுக்கு நேரம் இருந்திருக்காது. கையில புளி இருக்குல்லா? நீங்களே நல்லாத் தேச்சுக் கழுவிருங்க. சாமி தொட்டியில குறை இருக்கக் கூடாது."

மங்களேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு, கிழட்டு மீன் நீந்திய தொட்டிக்குள் கையை விட்டாள். சாமி பலகையைத் தாண்டிக் குதித்தார்.

"ஏ, தொடாத! தொடாதம்மா! கழுவுனா மீன் செத்துரும்!"



மங்களேஸ்வரி கையை எடுக்கவில்லை. "என்ன சொன்னிய?"

சாமி திரும்பிச் சொல்லவில்லை. அவசியமும் இல்லை. ஏகப்பட்ட போன்களில் பதிவாகியிருந்தது.

"அவரு சரியாத்தான் சொல்லுதாரு அத்தை," என்றாள் யோகலட்சுமி. "மீன் கழிக்கிறதும் மிச்சத் தீனியும் அந்தத் தண்ணியிலயேதான கெடந்து அழுகுது? அதுல அம்மோனியா வரும். மீன் செவுள எரிக்கும். அதத் தின்னு தீக்கிறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் வளரணும். புதுத் தொட்டியில அது வளர மாசக்கணக்காகும். அதுக்குத்தான் அது வளந்து கெடந்த சாமி ஸ்பாஞ்சுல பாதிய நான் வாங்கிட்டுப் போனேன். நீங்க வளர வளரத் தேச்சுக் கொன்னுட்டிய. கைநெறையத் தீனியும் போட்டிய. சாமிக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் அவரு கழுவல, உங்களக் கழுவச் சொன்னாரு. நம்ம மீன் சாகச்சாகத்தான அவருக்கு யாவாரம்?"

சுகிர்தம் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். 

"ஏய்யா, எங்க வீட்டு மீன் என் தங்கச்சியக் காட்டுச்சுன்னு சொன்னியே. புருசன எழவு குடுத்துட்டு எங்கிட்ட வந்து இருந்த பிள்ளையப் பஸ் ஏத்தி அனுப்புனேனேய்யா. எங்க இருக்காளோ, போனு கூட எடுக்க மாட்டங்கா."

யோகலட்சுமி கூட்டத்தைப் பார்த்தாள். "வேற யாரு வீட்டுல மீன் ஆளக் காட்டுச்சு?"

முதலில் ஒரு கை. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் வீட்டை விட்டுப் போன ஒருத்தி இருந்தாள். கையைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிலர் அங்கேயே தள்ளி நின்று போனில் யாரையோ கூப்பிட்டார்கள். எடுத்தவர்களும் இருந்தார்கள். எடுக்காதவர்களே அதிகம்.

எல்லோரும் போனில் இருந்த நேரத்தில் சாமி நழுவி, ஆண்கள் குளிக்கும் பக்கம் போய்விட்டார். தேடிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். துண்டு கட்டிய நூறு பேருக்கு நடுவே எது சாமி, எது ஆசாமி என்று தெரியவில்லையாம். இத்தனை நாள் எப்படித் தெரிந்ததோ!

மங்களேஸ்வரி புளிக்கையைச் சேலையில் துடைத்தாள். "வாட்டி, வீட்டுக்குப் போவோம்."

"இப்ப வரல அத்தை. ஆடிக்கு அனுப்புனிய, இருந்துட்டு வாரேன். ஆவணி பொறந்ததும் நீங்களே எங்க ஊருக்கு வந்து, எங்க தெருவுல நாலு பேரு பாக்க என்னக் கூப்பிடணும். காலடி சரியில்லன்னு நாலு பேரு கேக்கத்தான சொன்னிய?"

மங்களேஸ்வரி செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். பிறகு, "வாரேன்," என்றாள். "தாம்பூலத் தட்டோட வாரேன்."

கூட்டம் கலைந்தது என்று எழுதத்தான் ஆசை. கலையவில்லை. வரிசை அப்படியே வளைந்து யோகலட்சுமிக்கு முன்னால் வந்து நின்றது. முதலில் நின்றவர், வெள்ளைச் சட்டைக்காரர், பணிவாகக் கேட்டார்.

"தாயி, தொட்டிய எந்தத் திசையில வச்சா விருத்தி?"

"பிளக் பாயிண்டு எந்தத் திசையில இருக்கோ, அந்தத் திசையில அண்ணாச்சி."

அவர் அதை பயபக்தியோடு போனில் குறித்துக்கொண்டார்.

மகாஜனங்களே, மீன் செத்தால் தண்ணீரைப் பாருங்கள்; தண்ணீரில் குறை இல்லையென்றால் தீனியைப் பாருங்கள். அதற்குப் பிறகும் யாரையாவது பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், வீட்டிலிருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, ஒருநாளாவது கண்ணாடியைப் பாருங்கள்.