மூன்றாவது பெஞ்சில் நான்

அன்பு மருமகன் அபெனிசாவுக்கு, ஓவலாவ் தீவிலிருந்து வாசெமதா அத்தை கர்த்தர் தந்த சுகத்தோடு எழுதுவது. சுவாவில் நீயும் உன் மனைவியும் நலமென்று நம்புகிறேன்.

நீ லேசர் கருவியோடு கோயிலைக் கணினிக்காக அளக்க வந்த அன்று உள்ளே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. போதகர் இலைசா, தச்சர் செமிசி, என் நாத்தனார் லிதியா, நீ, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் நான். "அசையாம இருங்க, இல்லேன்னா வெளியே போங்க. அசையிறவங்க புகை மாதிரி விழுவாங்க, அப்புறம் நான் துடைச்சிடுவேன்" என்று நீதான் சொன்னாய். போதகர் உலாத்தினார், செமிசி யங்கோனா வேர்க் கஷாயம் குடிக்க எழுந்து போனார், லிதியா விசிறிக்கொண்டே இருந்தாள். எல்லாரையும் துடைத்துவிட்டாய். ஜெபத்தில் அசையாமல் இருந்த என்னைப் பெஞ்சோடு சேர்த்துவிட்டாய்!

புயலில் நனைந்து உளுத்த பெஞ்சுகளுக்குப் பதிலாக, உன் கணினி மாதிரியைப் பார்த்து இயந்திரம் செதுக்கிய புதுப் பெஞ்சுகள் படகில் வந்து இறங்கின. சாக்கைப் பிரித்தால், மூன்றாவது பெஞ்சில் மகாகனி மரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கொண்டையும் கைப்பையும் உட்பட. உங்கள் பழைய கட்டடப் பாதுகாப்பு அலுவலகத் தாளிலோ "மிஷனரி காலத்துச் சிற்பமாக இருக்கலாம், பாதுகாக்க" என்று எழுதியிருக்கிறது. கோயில் வரவுசெலவு எழுதுகிறவள் நான். இதை மரச்சாமான் என்று எழுதுவதா, வேறென்னவென்று எழுதுவது?

லிதியா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அண்ணி, மூக்கு அப்படியே இருக்கு. இடுப்புதான் கொஞ்சம் உண்மையைச் சொல்லிடுச்சு. ஆமா, ஜெபத்துல வாய் ஏன் திறந்திருக்கு?"

"ஆமென் சொல்லிக்கிட்டிருந்தேன்டி."

"முக்கால் மணி நேரமாவா?"

செமிசி உளியோடு வந்தார். போதகர் குறுக்கே நின்றார். "தொடாதப்பா! மாதிரியில இருக்கிறது மாறினா ஆபீஸ்ல கையெழுத்துப் போட மாட்டாங்க. கையெழுத்து இல்லேன்னா மிச்சக் கூரைத் தகடு வராது. அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்."

தள்ளி உட்கார்ந்தேன், எனக்குப் பக்கத்தில் நானே. பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைக்கிறார்கள், தொப்பியை என் தலையில் மாட்டுகிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு ஒருத்தி மீன்பிடிக்கப் போகிற மகனுக்காக அதன் காலடியில் செம்பருத்தி வைத்துவிட்டுப் போனாள், மகனோ படகு நிறைய மீனோடு வந்துவிட்டான்! நேற்று நான்கு பூக்கள். மெதடிஸ்ட் கோயிலில் விக்கிரகம் வேண்டாம் என்று இத்தனை காலம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது விக்கிரகமும் நானே. அடுத்த ஞாயிறு திறப்பு விழா. அதற்குள் மாதிரியிலிருந்து என்னை எடுத்துவிடு, செமிசி இழைப்புளியைத் தீட்டிவைத்துக் காத்திருக்கிறார்.

உன் வீட்டுக் கூரையைப் புயல் தொடாதபடி கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். உன் மனைவிக்கு மரவள்ளிக்கிழங்கும் பாயும் படகில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை வாசெமதா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது லிதியா புதுச் சட்டையும் உயரக் கொண்டையுமாக வந்து, "அபெனிசா மறுபடி அளக்க வருவானா அண்ணி? அந்த இடம் காலியானா நான் அசையாம இருப்பேன்" என்றாள். ஆகவே என்னை எடுக்க வேண்டாம். கணினியில் இடுப்பை இரண்டு விரல் குறைத்து, வாயை மூடி, மறுபடி செதுக்கி அனுப்பு. பூ வைக்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் எழுது.