மஞ்சள் மூடி, பச்சை மூடி

கம்பெனி பஸ் செங்கல்பட்டு பைபாஸைத் தாண்டுவதற்குள் சின்னராசு பத்து வாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார். பத்திலும் அதே அழுக்கு.

“இன்னும் கொஞ்சம் தொற மச்சான்.”

“இதுக்கு மேல தொறந்தா தின்ன நாஸ்தா வெளிய வந்துரும்,” என்றார் தாமோதரன். “இன்னா கீது உள்ள?”

“போட்டது போட்டபடி அப்டியே கீது. அதான் பேஜாரு.”

ஒன்பது நாளாக மாத்திரை சப்பியும் வலது வரிசைக்காரர்களின் பல்லில் படிந்த படலம் இம்மி நகரவில்லை. இடது வரிசையில் ஆல்வின் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல்லோ விளம்பரத்துக்கு நிற்கலாம் போலிருந்தது. சின்னராசு டார்ச்சை அணைத்துவிட்டுத் தன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் சிநேகா பல் மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். சின்னராசுவின் அப்பா அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டே வாழ்ந்து முடிந்தவர். அந்த வம்சத்தில் ஒரு டாக்டர் என்றால் சும்மாவா? மறைமலைநகரில் அவரோடு டீ குடிக்கிற யாரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் கிளாஸைக் கீழே வைத்ததில்லை.

பப்பாளிப் பாலிலும் அன்னாசியிலும் இருக்கிற என்சைமைப் பிரித்து ஒரு மாத்திரை செய்திருந்தாள் சிநேகா. சாப்பிட்டதும் சப்பினால் பல்லில் ஒட்டுகிற படலத்தை அது கரைக்க வேண்டும். அதை நிரூபிக்க இருபது வாய்கள் தேவைப்பட்டன. கம்பெனி பஸ்ஸில் இருபது வாய்க்குப் பஞ்சமா என்று சின்னராசு முன்வந்தார்.

“வலது பக்கம் பத்து பேருக்கு மஞ்ச மூடி டப்பா, இடது பக்கம் பத்து பேருக்குப் பச்ச மூடி. ஒண்ணு மருந்து, ஒண்ணு வெறும் மாவு. எது எதுன்னு எனக்கே தெரியாதுப்பா. எங்க காலேஜ் பார்வதம் மேடம் அத எழுதிக் கவர்ல ஒட்டி வெச்சிருக்காங்க. நாலு வாரம் குடுக்குறது மட்டும்தான் உங்க வேலை. வேற எதுவும் பண்ணாதீங்க.”

“நான் இன்னாத்த பண்ணப் போறேன் பாப்பா?”

ஆனால் சின்னராசு இருபத்திரண்டு வருஷமாகப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருப்பவர். சோதிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடாத கை அது. முதல் ஞாயிற்றுக்கிழமையே, மனைவி வசந்தா தேங்காய் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அடுப்படிக்குள் நுழைந்தார். கறி இரண்டு கிண்ணங்களில் இருந்தது, ஒன்று வறுவலுக்கு, ஒன்று குழம்புக்கு. கிண்ணத்துக்கு ஒரு துண்டாக எடுத்து, ஒட்டியிருந்ததையெல்லாம் கழுவித் துடைத்தார். வறுவல் துண்டின் மேல் மஞ்சள் மூடி மாத்திரையைப் பொடித்துத் தூவினார். குழம்புத் துண்டின் மேல் பச்சை.

பப்பாளி சேர்ந்தால் கறி பஞ்சாகும் என்பது எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. அரை மணி நேரத்தில் மஞ்சள் மாத்திரை போட்ட துண்டு விரல் பட்டதும் நார்நாராகப் பிரிந்தது. பச்சை போட்டது முறைத்துக்கொண்டு கிடந்தது. ஆக, மஞ்சள்தான் மருந்து, பச்சை வெறும் மாவு. காலேஜ் நான்கு வாரத்தில் கண்டுபிடிக்கப் போவதை அரை மணியில் கண்டுபிடித்த பெருமையில் சின்னராசு அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது பார்த்தால் மருந்து சாப்பிடுகிறவன் பல் அழுக்காக இருக்கிறது, மாவு சாப்பிடுகிறவன் பல் பளபளக்கிறது. நாளைக்கு மேடைபோட்டு இதைச் சொன்னால் மகள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

மறுநாள் வலது வரிசையைக் கூட்டினார். “இனிமே மூணு வேளையும் பல்லு விளக்கணும். பாக்கு கூடாது.”

“பாக்கு இல்லாம மெஷின் எப்டி ஓட்டுறது?” என்றார் தாமோதரன்.

“என் பொண்ணுக்காக மச்சான்.”

மகளைச் சொன்னதும் தாமோதரன் தலையாட்டினார். ஆட்டினாரே தவிர, பாக்குப் பொட்டலம் சட்டைப் பையிலிருந்து பேன்ட் பைக்கு மாறியதோடு சரி. நாலு நாள் கழித்து டார்ச் அடித்தால் ஏதோ தேவலை, அவ்வளவுதான். இடது வரிசை இன்னும் பளபளத்தது.

சின்னராசு இடது வரிசைக்குப் போனார். “ஆல்வினு, புது ரூலு வந்துகீது. உங்க வரிசை பத்து பேரும் இனிமே பல்லு விளக்கக் கூடாது.”

“இன்னாண்ணாத்த சொல்ற? வூட்ல ரெஜினா காப்பி குடுக்க மாட்டா.”

“டாக்டரு சொல்லிகீறாங்க.”

டாக்டர் யார் என்று சின்னராசு சொல்லவில்லை. ஆல்வினும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பத்து பேரும் பிரஷ்ஷைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ரெஜினா போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“இன்னாண்ணா, பல்லு விளக்காதன்னு சொன்னியாமே? எங்க வூட்டு மனுசன் புள்ளைங்க எதுரவே சும்மா குந்திகினு கீறாரு. அதுங்களும் பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுடுச்சுங்க.”

“ஒரு வாரம் பொறுத்துக்கம்மா. ஆராய்ச்சி.”

ஆராய்ச்சிக்கும் இடது வரிசை மசியவில்லை. ஆறு நாள் விளக்காத ஆல்வின் பல் ஆறு நாளைக்கு முன் இருந்த மாதிரியே இருந்தது. சின்னராசுவுக்குத் தூக்கம் போனது. கடைசி வாரம் ஜாங்கிரியும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

“எம்பொண்ணு பரிட்சையில நல்ல மார்க்கு,” என்று இடது வரிசைக்கு மட்டும் கொடுத்தார். மார்க் நிஜம்தான், போன வருஷத்து மார்க்.

வலது வரிசை சும்மா இருக்குமா? “பாக்கை வுடுன்னா எங்களுக்கு, இனிப்புன்னா அவங்களுக்கா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?” என்று தாமோதரன் பெட்டியைப் பிடுங்கினார். பரனூர் டோல்கேட் வருவதற்குள் வலது வரிசை முழுப் பெட்டியையும் காலி செய்துவிட்டது. தினமும் அதே கதை. இடது பக்கம் நாலு துண்டு போனால் வலது பக்கம் பெட்டி போனது.

முடிவு நாள் வந்தது. காலேஜ் ஹாலில் வசந்தா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படலம் எங்கே இருந்தாலும் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் சாயத்தை இருபது பேரும் கொப்பளித்தார்கள். தாமோதரன் வாயைத் திறந்தார், உள்ளே ஒரே சிவப்பு. வலது வரிசை மொத்தமும் அப்படித்தான். இடது வரிசையில் ஆங்காங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பார்வதம் மேடம் கணக்கைச் சரிபார்த்துவிட்டுக் கவரைக் கையில் எடுத்தார். சிநேகா நகம் கடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னராசு எழுந்துவிட்டார். “மேடம், பிரிக்காதீங்க. தப்பு என்மேலதான், எம்பொண்ணு மருந்து மேல இல்ல.” எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூன்று வேளை விளக்கியது, விளக்காதது, ஜாங்கிரி வரைக்கும்.

சிநேகாவின் கண் கலங்கியது. “ஏம்பா?” என்றாள். தன் மகள் இப்படி நிற்பதைச் சின்னராசு அதுவரை பார்த்ததில்லை.

“ஒரு நிமிஷம்,” என்றார் மேடம். “பச்சை மூடிக்காரங்க பத்து பேரும் பல்லே விளக்கல, மிட்டாய் வேற சாப்பிட்டாங்க. அப்பவும் வாய் இவ்வளவு சுத்தமா? பச்சைதான் மருந்துன்னா நானே எழுந்து நின்னு உங்க பொண்ணுக்குக் கைதட்டுவேன்.”

“பச்ச மாவு மேடம். நானே டெஸ்ட் பண்ணேன். வூட்ல வறுவலுக்கு வெச்ச கறியில மஞ்ச மாத்திரை போட்டேன், அரை மணியில பஞ்சாயிடுச்சு. கொழம்புக் கறியில பச்ச போட்டேன், அது அப்டியே கெடந்துச்சு.”

“பல்லுக்குச் செஞ்ச ஒரு மாத்திரை அரை மணியில எந்தக் கறியையும் பஞ்சாக்காதே,” என்றார் மேடம்.

முதல் வரிசையில் வசந்தா பட்டுப்புடவையைச் சரிசெய்தபடி எழுந்தாள்.

“அந்த வறுவல் கறிக்கு நான் விடியக்காலையிலயே பப்பாளிக்கா அரைச்சு ஊற வெச்சிருந்தேங்க.”