மச்சான் பெயர் விடுபட்ட மஞ்சள் கடுதாசி

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தான். இருந்தான் என்பதைவிட, தவணை கட்டிக்கொண்டிருந்தான் என்பதே சரி.

எல்லாம் ஒரு ஃபிரிட்ஜில் தொடங்கியது. தேனைச் சில்லென்று நக்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு கோடையில் அவனுக்கு ஆசை வந்தது. கழுதைப்புலி நடத்திய ஃபைனான்ஸில் நகக்கீறல் வைத்து ஒன்றை வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் காட்டில் கரண்ட் இல்லை என்பது ஞாபகம் வந்தது. குரங்கு சோலார் தகடு கொண்டுவந்து மாட்டியது, அதுவும் கடன்தான். அடர்ந்த காட்டில் வெயிலுக்கு எங்கே போவது? யானையைக் கூலிக்குப் பிடித்து, சுற்றியிருந்த கிளைகளையெல்லாம் ஒடித்துத் தள்ளினான். வெயில் வந்தது. ஃபிரிட்ஜ் ஓடியது. கிளைகளோடு தேனீக்களும் போய்விட்டன.

சில்லென்ற காலிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தபடி மூன்று தவணை கட்டினான். நாலாவதுக்கு முயலிடம் இருநூறு கைமாற்று. ஐந்தாவதுக்கு, மனைவி இருளாயிக்குத் தெரியாமல், அவள் அண்ணன் கொம்பையாவிடம் ஐயாயிரம்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேங்கை மரம், அதில் நாலு தேனடை. குடும்பமே அதை நம்பித்தான் சாப்பிட்டது. அந்த மரத்தையும் ஏலம் போடப்போவதாகக் கழுதைப்புலியின் வசூல் ஆட்களான செந்நாய்கள் போனில் சொல்ல ஆரம்பித்தன. முகம் கழுவும்போது ஒன்று கூப்பிடும், முதுகு சொறியும்போது இன்னொன்று கூப்பிடும்.

"பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துடுங்க," என்றாள் இருளாயி. "மரம் போச்சுன்னா பிள்ளைங்களுக்கு நான் ஃபிரிட்ஜைத்தான் ஊட்டணும்."

கட்ட முடியாதவர்கள் கொடுக்கும் திவால் மனுவுக்குத்தான் அந்தக் காட்டில் அப்படிப் பெயர். அதை வாங்கிப் பைசல் பண்ணும் அதிகாரி ஓர் ஆமை. பெயர் அம்பலவாணர். சடையாண்டி போய் நின்றபோது அவர் ஒரு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஆரம்பித்த கையெழுத்து.

"உக்காருப்பா. யாருக்கெல்லாம் குடுக்கணுமோ எல்லாத்தையும் எழுது. எழுதினது என் பாடு. எழுதாதது உன் பாடு."

அப்போது சடையாண்டியின் போன் அடித்தது. ஆமை கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"யாரு... பேசறது?"

"ஃபைனான்ஸ்லேருந்து பேசறோம். மரத்த எப்ப எழுதித் தர்றான்?"

"ஃபைனான்ஸ்னா... எந்த... ஃபைனான்ஸ்? இனிமே... அவன்கிட்ட... கேக்கறத... எங்கிட்ட... கேளு. பேரச்... சொல்லு. எழுதிக்கறேன். முதல்... எழுத்து?"

அன்று மாலைக்குள் மூன்று செந்நாய்கள் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. போன் அடிக்காத காட்டில் இத்தனை பறவைகள் கத்துமா என்று சடையாண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

பட்டியலில் கழுதைப்புலியை எழுதினான், குரங்கை எழுதினான், யானையை எழுதினான், முயலையும் விடவில்லை. கொம்பையாவின் பெயர் வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. மச்சானைப் போய்க் கழுதைப்புலிக்குப் பக்கத்திலா எழுதுவது? எழுதினால் இருளாயி படிப்பாள். "எங்க அண்ணன்கிட்டயுமா கை நீட்டினீங்க" என்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் படிவத்திலும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு மடித்துக் கொடுத்துவிட்டான்.

பட்டியலை நீர்நிலைக்கரை மரத்தில் ஒட்டினார்கள். கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான். ஆனால் காட்டார் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வாசித்தார்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்று ஒரே பேச்சு. முயல் தன் பெயருக்கு எதிரே பாதி நாள் நின்றது. ஒரு காசும் கொடுக்காத மயில் ஆமையிடம் போய், "ஒரு அம்பது ரூபான்னு என் பேரையும் போட்டுடுங்க சார், நாலு பேர் கேக்கறாங்க," என்றது.

கொம்பையாவும் வந்து வாசித்தான். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. வந்த வழியே போய்விட்டான்.

கூட்டம் நடக்கும் நாளும் வந்தது. ஆமை திட்டத்தை வாசித்தார். உடும்பு ஃபிரிட்ஜை விலைக்கு வாங்கி அதில் குடியேறிக்கொள்ளும். நாலு அடையில் ஒன்றின் தேனை இரண்டு வருஷம் எல்லாருக்கும் பங்கு வைப்பது. மொத்தத்தில் கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு இருபது காசு, மிச்சம் தள்ளுபடி. மரமும் சட்டிபானையும் குடும்பத்துக்கு.

"ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடணும். மறைச்ச கடன் ஒண்ணு இருந்தாலும் திட்டம் ரத்து. மரம் ஏலத்துக்கு வரும்."

சடையாண்டிக்கு ரோமத்துக்குள் வேர்த்தது. ஏனென்றால் கொம்பையா எழுந்துவிட்டான். குளித்து, தலை வாரி, தோளில் துண்டு போட்டு விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"முயல் பேரு இருக்கே, எவ்வளவு குடுத்தாரு?"

"எரநூறு," என்றது முயல், காது விறைக்க.

"எரநூறுக்குப் பேரு போட்டிருக்கு." கொம்பையா துண்டை உதறினான். "சரி."

கழுதைப்புலிக்கு மோப்பம் பிடித்துவிட்டது. "நீங்களும் குடுத்தீங்களாண்ணே? ஒரு வார்த்தை சொல்லுங்க. மரம் ஏலத்துக்கு வந்துடும், உங்க பணம் முழுசா கைக்கு வந்துடும்."

கொம்பையா தங்கச்சியைப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தான். அங்கே எறும்புகள்கூட நடமாடவில்லை.

"கடன் குடுக்க நான் என்ன கழுதைப்புலியா?" என்றான் கொம்பையா. "நாங்க பொண்ணு குடுத்த வீடு. குடுப்போம். குடுத்ததக் கேட்டு உங்களோட வரிசையில நிக்க மாட்டோம். எழுதிக்கங்க சார், இவன் எனக்கு ஒரு காசு தர வேண்டியதில்ல."

ஆமை எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை கழுதைப்புலி சிரிக்காமல் இருந்தது, அதன் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பிறகு முத்திரை விழுந்தது. மரம் பிழைத்தது.

வீடு திரும்பும் வழியில் சடையாண்டிக்குக் கால் தரையில் படவில்லை. ஒழுங்காக எழுதிய கடன்களுக்கெல்லாம் இருபது காசு அழ வேண்டியிருக்கிறது. எழுதாத ஒன்று முழுசாகக் கழிந்துவிட்டது.

"எவ்வளவு?" என்றாள் இருளாயி.

"என்னது எவ்வளவு?"

"எங்க அண்ணன் துண்டு உதறினா எனக்குத் தெரியாதா?"

"அஞ்சாயிரம்," என்றான். "ஆனா அதுதான் வேண்டாம்னுட்டாரே."

"வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அடுத்த மாசம் அவர் மகளுக்குக் காதுகுத்து. அத்தை மாமான்னு நாம செய்யற செய்முறை அஞ்சாயிரத்துக்குக் குறைஞ்சா நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். அதுக்கடுத்து பொங்கச் சீர் அவர் செய்வாரு. அதுக்கு மேல ஒரு பங்கு நாம திருப்பிச் செய்யணும். பிறகு அவர் பையன் கல்யாணம்."

சடையாண்டி அப்படியே திரும்பி ஓடினான். ஆமை அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தச் செய்முறையை அந்தப் பட்டியல்ல சேர்க்க முடியுமா?"

வாழ்நாளில் எதையும் அவசரமாகச் செய்தறியாத அம்பலவாணர், கண் மூடித் திறப்பதற்குள் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

நீதி: கடன் வாங்குவதென்றால் கழுதைப்புலியிடம் வாங்கு, ரூபாய்க்கு இருபது காசோடு போய்விடும். பெருந்தன்மையான மச்சானிடம் மட்டும் வாங்கிவிடாதே.