ஏர்மெயில் பாய்க்கு என்ன வயது?

பாஸ்போர்ட் இல்லாமல் ஜெர்மனியில் ஐந்து வருஷம் குடியிருந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் ஏர்மெயில் பாய்தான். கப்பல் ஏறியதில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் அந்த நாட்டில் எந்த மாதம் பனி கொட்டும், எந்தப் பேராசிரியருக்கும் எந்தப் பேராசிரியருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சின்னாளப்பட்டிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்.

ஐம்பதுகளில் நான் திண்டுக்கல் தபால் ஆபீஸில் ரிஜிஸ்டர் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாய்க்கு பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கெமிஸ்ட் வேலை. சென்னை போய் ரசாயனத்தில் எம்.எஸ்சி. முடித்தவர். அவருடைய அத்தா திடீரென்று காலமாகிவிட, ஊர் திரும்பி சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஆவாரம்பட்டைக்கும் நடுவே நின்றுவிட்டார். அவர் தபால் ஆபீஸ் வாசலுக்கு வருமுன்னே அவருடைய சட்டை வாசனை கவுண்டருக்கு வந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். பாய் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சலாம் வைத்தபடி முன்னால் வந்துவிடுவார்.

வாரம் தவறாமல் ஏர்மெயிலில் ஒரு கடிதம் போடுவார், ஏதாவதொரு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும், உதவித்தொகை கொடுங்கள் என்று. ஸ்டாம்ப் ஒட்டினால் வேலை முடிந்தது என்று போகிற ஆளில்லை. எந்தப் பையில் போடுகிறாய், பையை யார் கட்டுவார், கட்டுகிறவருக்குக் கை சுத்தமா என்று கேட்பார். பிறகு மெயில் பை போகிற வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் ஸ்டேஷன் வரைக்கும் போவார். பை ரயிலில் ஏறியதும் ரயிலுக்கும் ஒரு சலாம்.

இதெல்லாம் பட்டத்து மோகம் என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தவன்தான். உண்மையான விஷயம் பாய் குடியிருந்த தெருக் கிணற்றில் இருந்தது. தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். கழுவும்போது அந்த உப்பு மண்ணில் இறங்கும். எங்கள் சின்ன வயதில் கற்கண்டாக இருந்த கிணறு, வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது. அவருடைய அம்மா அரை மைல் நடந்து நல்ல தண்ணீர் சுமந்து சுமந்து இடுப்பு வளைந்துபோனார்.

"மாப்ளே, எங்கம்மா சொமக்குற ஒவ்வொரு கொடத்துக்கும் நான்தான் காரணம். பகல்ல உப்பக் கொட்டுறேன், சாயந்திரம் அம்மாவுக்குக் கால் அமுக்குறேன்" என்பார். உப்பே இல்லாமல் தோலைப் பதப்படுத்த ஒரு வழி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம் ஜெர்மனியில் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலைத்தான் அவர் வாராவாரம் தட்டிக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் என்னிடம் அவருக்கு ஒரு நிரந்தரக் கிண்டல் உண்டு. நான் ஏதாவது தபால் விதி பேசினால் போதும். "ஏலே, அண்ணன் சொல்றேன், பேசாம முத்திரையக் குத்து!" என்பார். உண்மையில் நான்தான் அவருக்கு இரண்டரை வயது மூத்தவன். காகிதத்தில் மட்டும் ஒரு வயது இளையவன். இந்த அநியாயம் நடந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். பையன் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. எனக்கு அன்றைக்கு ஆறு வயது. ஆனால் பரங்கிக்காய்த் தலை, கட்டைக் கை. எக்கி எக்கிப் பார்த்தேன், நடு மண்டையோடு நின்றுவிட்டது. வாத்தியார் என்னை ஓரமாக நிறுத்திவிட்டார். பக்கத்தில் இன்னொருவர் தன் மகளைச் சேர்க்க வந்திருந்தார். அவர் தோளிலிருந்து இறங்கிய மூன்றரை வயதுப் பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விளையாட்டாகத் தன் கையைத் தலைக்கு மேலே போட்டான். கை காதைத் தொட்டு, தாண்டி, தாடையைப் பிடித்தது.

"அட, இவனுக்கு அஞ்சு தாண்டிருச்சய்யா!" என்று வாத்தியார் எழுதிவிட்டார். அவனுடைய அத்தா, "சார், இது கைக்கொளந்த சார்" என்று கெஞ்சினார். காது தொட்ட பிறகு மேல்முறையீடு கிடையாது. நான் அடுத்த வருஷம் ஏழு வயதில் போனேன். கை தொட்டது. ஐந்து என்று எழுதினார்கள். அப்படித்தான் அவர் எனக்கு அண்ணன் ஆனார்.

ஜெர்மனிக்கான ஏற்பாடுகள் ஊருக்கே வேடிக்கை. குளிர் பழக வேண்டும் என்று சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கதவைத் திறந்த மேஸ்திரி ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பாயைப் பார்த்து அலறிவிட்டார். "பயப்படாதீங்க, செத்த நேரம் ஜெர்மனி போயிட்டு வாரேன்" என்றாராம் பாய், பல் கிடுகிடுக்க. முள்கரண்டி பழக வேண்டும் என்று பூட்டுப் பட்டறை ஆசாரி ஒருவரிடம் சொல்லி ஒன்று அடித்து வாங்கினார். ஆசாரி பூட்டு அடித்தே பழகிய கை. கரண்டி கோட்டைக் கதவுச் சாவி கனத்துக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு பிரியாணிக் கடையில் உட்கார்ந்து கறியைக் குத்தினார். கடை முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

"பாய், அது செத்துப்போன ஆடு. மறுபடி எதுக்குக் குத்துறீக? கையால சாப்புடுங்க, இல்ல எந்திரிச்சுப் போங்க!"

தோல் ஷாப்பில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஜெர்மன் எண்கள் சொல்லிக் கொடுத்திருந்தார். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தபோது அவர்கள் "ஐன்ஸ், ட்சுவை, ட்ரை" என்று தோலை எண்ணிப் போட்டார்கள். ஏதோ ரகசியப் பாஷையில் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சண்டைக்கு வந்து, அன்றைக்கு லோடே ஏறவில்லை.

ஐந்தாவது வருஷம் ஒரு விண்ணப்பத்தில் சிக்கல். மாணவரின் ஆராய்ச்சியை நேரில் அறிந்த மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் இல்லை. பாய் யோசித்துவிட்டுத் தன் தெருப் பெண்களிடம் போனார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, குடுவையில் ஊற்றி, ஏதோ சொட்டுவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது அவர் வழக்கம். அவருடைய ஆராய்ச்சியை நேரில் அறிந்தவர்கள் என்றால் அவர்கள்தானே? அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, பதினொரு பெருவிரல் ரேகை வாங்கி, ஆங்கிலத்திலும் பெயர்த்து என் கவுண்டருக்குக் கொண்டுவந்தார்.

வாசித்துப் பார்த்தேன். "இந்தப் புள்ள வெள்ளிக்கெழம தவறாம வந்து தண்ணி பாக்கும். அது சொன்ன உப்பு ஒருநாளும் தப்புனதில்ல. இதப் படிக்க வச்சீகன்னா எங்க கெணறு பொழச்சுக்கும்."

"இத அனுப்பினா அங்க சிரிப்பாங்க பாய்" என்றேன்.

"சிரிச்சா என்ன? படிச்சாத்தானே சிரிப்பாங்க. அண்ணன் சொல்றேன், குத்து."

குத்தினேன். மூன்று மாதத்தில் பதில் வந்தது. தேர்வாகிவிட்டார்! அவருடைய கேள்வி எங்கே பிறந்தது என்பதை அந்தப் பதினொரு ரேகைகள் காட்டிவிட்டன என்று ஜெர்மன் பேராசிரியர் எழுதியிருந்தார். பாய் கவுண்டர் கம்பிக்குள் கையைவிட்டு என் தலையைப் பிடித்து உலுக்கினார். அந்த நீளக் கைக்கு அது ஒரு தூரமே இல்லை. அன்று சாயந்திரம் அவருடைய அம்மா எங்கள் ஆபீஸுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டார். எங்கள் போஸ்ட் மாஸ்டர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுநாள்தான் நிதானமாகப் படித்தோம். சேருகிற தேதியில் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது, வயதுக்குச் சான்று அனுப்பவும். பாய் விண்ணப்பத்தில் அம்மா சொன்ன உண்மையான வயதைத்தான் எழுதியிருந்தார், இருபத்தெட்டு. பள்ளிச் சான்றிதழிலோ முப்பது தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்றரை வயதில் விளையாட்டாகப் போட்ட கை, இப்போது கழுத்தைப் பிடித்தது.

கோர்ட்டில் சத்தியப் பத்திரம் வாங்கி அனுப்பலாம் என்று ஒரு வக்கீலிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "தாயார் சொல்றது மட்டும் செல்லாது. உறவுக்காரங்க யாரும் கூடாது. வெளியாள் ஒருத்தர், அன்னைக்கு ஸ்கூல்ல நேர்ல பாத்தவர், மாஜிஸ்ட்ரேட் முன்னால சத்தியம் பண்ணணும்."

வாத்தியார் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. "இவன் பாத்தான் சார்! பக்கத்துலயே நின்னான்!" என்று பாய் என் தோளில் தட்டினார்.

வக்கீல் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நல்லது. அன்னைக்கு உங்களுக்கு என்ன வயசு?"

நான் வாயைத் திறந்தேன். ஆறு என்று சொல்ல வேண்டும். ஆனால் என் சர்வீஸ் புத்தகத்தின்படி அன்றைக்கு எனக்கு நாலு. நாலு வயதுப் பிள்ளையின் சாட்சி எங்கேயும் செல்லாது. ஆறு என்று சத்தியம் செய்தாலோ, நான் தபால் இலாகாவில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு ஆகியிருந்தது வெளியே வந்துவிடும். இருபத்தைந்துக்கு மேல் அங்கே எடுக்கமாட்டார்கள். வீட்டில் ஏழு பேருக்கு என் வேலைதான் அடுப்பு. மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்.

நான் பாயைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்திருக்கிறார்.

"வக்கீல் சார், மன்னிச்சுக்கங்க" என்றார் பாய். "இவன் அன்னைக்கு ஸ்கூலுக்கே வரல. நாந்தான் வேற யாரையோ நெனச்சுக்கிட்டு இவனக் கூட்டியாந்துட்டேன்."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். பாய் தன் நீளக் கையை என் தோளைச் சுற்றிப் போட்டார். "அண்ணன் சொல்றேன், அழுகாதலே. வா, டீ சாப்புடுவோம்" என்றார். டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

பள்ளிச் சான்றிதழையே அனுப்பினார். அதற்கும் நான்தான் முத்திரை குத்தினேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அன்றைக்கும் சலாம் வைத்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் கிணற்றுத் தண்ணீர் பார்த்தார், அந்தப் பேராசிரியருக்குச் சந்தேகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். மெயில் பைக்குப் பின்னால் சைக்கிளில் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன். பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள்.

இதுவரை ஊருக்காக 'அவர், இவர்' என்று எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது. அவன் மையித்தை அடக்கம் செய்த அன்று கபர்ஸ்தான் வாசலில் ஜமாஅத் கணக்கர் பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விவரம் எழுதினார். எங்கள் ஆபீஸே வந்திருந்தது. போஸ்ட் மாஸ்டர் எனக்குப் பின்னால் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வயசு முப்பத்தஞ்சு" என்று சொல்லியபடியே கணக்கர் எழுதப் போனார்.

"முப்பத்து மூணு" என்றேன்.

"தோல் ஷாப்பு நோட்டுல முப்பத்தஞ்சுன்னு இருக்கே?"

"அது தப்பு. அவனைப் பள்ளிக்கூடத்துல சேத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். அவனுக்கு மூணரை. எனக்கு ஆறு வயசு." குரலை நான் தாழ்த்தவில்லை. போஸ்ட் மாஸ்டர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

கணக்கர் என்னையும் என் நெற்றியில் இருந்த திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்து மூன்று என்று எழுதினார். பிறகு, சொன்னவர் விவரம் எழுதுகிற கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார்.

"நீங்க மையித்துக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றேன்.