தலைவர் விலை

முகம் கழுவும் இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி தலைவர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிந்தவரும் அவரே. இனி இந்த வீட்டுப் படியேறும் எந்தத் தொழிலாளியின் கூலியிலும் ஒரு காசு குறைத்துக் கேட்பதில்லை. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்க வேண்டியவள் அந்த நேரத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

தலைவர் என்பது தெரு வைத்த பெயர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருந்தவர். வேலை ஓய்ந்த பிறகும் பெயர் ஓயவில்லை. பேரம் பேசுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி ஒன்று தருகிறேன் என்றால் இவர் மூன்று கேட்பார், இரண்டில் வந்து நிற்பார். அந்தப் பழக்கம் ஓய்வூதியம் போலக் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. என்ன, அப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கூலியை ஏற்றினார். இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்து கூலியை இறக்கினார். பக்கம் மாறி உட்கார்ந்தது அவருக்கே உறைக்கவில்லை. குழாய் மாற்ற வந்தவரோ, வெள்ளையடிக்க வந்தவரோ, யார் எவ்வளவு சொன்னாலும் சரிபாதி. அதற்கு மேல் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

உறைக்க வைத்தவர் சங்கத்தின் பழைய பொருளாளர். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கடலைத் தோலை ஊதியபடி ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை கட்டட வேலைக்காரங்க கூலிக் கூட்டம். நீதான் பேசணும்."

"பேசிட்டாப் போச்சு."

"முன் வரிசையில யாரு உக்காந்திருப்பாங்க தெரியுமில்ல? உன் வீட்டுக் குழாய்க்காரன், உன் வீட்டுப் பெயிண்டர், எல்லாரும்தான்."

"உக்காரட்டுமே."

"நீ அவங்ககிட்ட பாதிக் கூலிக்கு வேலை வாங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கப்பா. கோபப்பட்டாங்கன்னா நான் சமாதானம் சொல்லிடுவேன். சிரிக்கிறவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

கூலி கேட்டு அடி வாங்கிய உடம்பு தலைவருடையது. போலீஸ்காரன் தடி பட்ட இடம் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். அந்த உடம்புதான் ஒரு குழாய்க்காரனின் அரைநாள் சோற்றைத் தட்டிப் பறித்திருக்கிறது. வீடு வந்து சேரும்வரை தன் செருப்பைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நடந்தார். வழியில் பெயிண்டர் ஏணி மேலிருந்து, "வணக்கம் தலைவரே," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஏணி சரிந்து தன் தலையில் விழுந்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குத்தான் அந்தத் தீர்மானம். மனைவியிடம் சொல்லவில்லை. போராட்டத் திட்டத்தை எதிர்முகாமில் யாராவது வாசித்துக் காட்டுவார்களா?

தீர்மானத்தைச் சோதிக்கும் வாய்ப்பும் உடனே வந்தது. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த சுவிட்ச் போர்டு ஒரு முறை இருமிற்று. பிறகு புகைவிட்டது. பிறகு வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

"எத்தனை தடவை சொன்னேன், வயரெல்லாம் கிழடாயிடுச்சுன்னு," என்றாள்.

"கிழடானா என்ன? நானும் கிழவன்தான். ஓடலையா?"

"நீங்களும் அப்பப்போ புகைவிடறீங்க. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், வருவார்."

வீடு முழுக்க வயர் மாற்ற என்ன செலவாகும் என்று தலைவர் தெருவில் விசாரித்துப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் நாற்பதாயிரம் ஆயிற்று என்றார், அணை கட்டியவர் மாதிரி மார்பை நிமிர்த்தி. மூலைவீட்டுக்காரர் பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசினாராம், முடிவில் எத்தனை பாயிண்ட் என்பதில் தகராறாகி இன்னும் பேச்சுவார்த்தை இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காசு செலவழிக்கவில்லை. "என் மச்சான் சும்மாவே பண்ணிக் குடுத்தான்," என்றார். "இப்ப ஃபேனைப் போட்டா காலிங் பெல் அடிக்குது. அவ்வளவுதான், வேற குறையில்லை."

ஆக, நியாயமான கூலி எது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தலைவருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மேடையேறும்போது முன்வரிசையில் ஒரு முகத்தையாவது நேருக்கு நேர் பார்க்கலாம்.

எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் எப்போதும் ஒரு 'த்ச்'. பொய் சொல்லத் தெரியாத முகம். போர்டைக் கழற்றினார், த்ச். மெயினைத் திறந்தார், த்ச். கருகிப் போன வயரைச் சுவரிலிருந்து கோழிக்குடல் போல உருவிக் காட்டினார். மொத்த வீட்டுக்கும் புது வயர், சமையலறைக்கும் தையல் மெஷினுக்கும் தனி லைன், எர்த் புதுசாக. சொல்லி முடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கூலி மட்டும் இருபதாயிரம் ஆகும் தலைவரே."

"சரி."

எலக்ட்ரீஷியன் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"இருபதாயிரம் தலைவரே."

"காதுல விழுந்துச்சு தம்பி. சரின்னுதானே சொன்னேன்."

"சாமான் தனி."

"தனியாத்தான் இருக்கும்."

"சுவரை உடைச்சாப் பூசறதும் தனி."

"கொடுத்துடலாம்."

எலக்ட்ரீஷியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது.

"கொஞ்சம் அதிகம்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணலை."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. போன மாசம் பின்தெருவுல இதே வேலையை நான்..."

"நிறுத்து. போன மாசக் கூலியைக் காட்டி இந்த மாசக் கூலியை அறுக்கறது முதலாளி பண்ற வேலை. உன் கழுத்தை நீயே அறுத்துக்கலாமா?"

"பதினெட்டுன்னு வெச்சுக்கலாமே."

"இருபது."

"சரிங்க, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பதினஞ்சு."

"இருபதுல ஒரு காசு குறைச்சாலும் இந்த வீட்டுல நீ ஒரு ஸ்குரூவைத் தொடக்கூடாது."

இரண்டாவது தட்டும் விழுந்தது. அதன் பின்னாலேயே மனைவியும் வந்தாள், கையில் கத்தரிக்கோலோடு.

"என்னங்க இது? நீங்க பேசற பேச்சாவா இருக்கு? பத்து குடுத்தாப் போதும்."

தலைவர் எழுந்து நின்றார். இந்தக் கட்டத்துக்காகத்தான் அவர் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பாதியா? உழைக்கிறவன் வயித்துல அடிக்கச் சொல்றியா? இவன் சுவரைக் குடையும்போது மூக்குல ஏறுற தூசிக்கு யார் விலை சொல்றது? இத்தனை நாளா நான் செஞ்சது பாவம். ஒத்துக்கறேன். குழாய்க்காரனைச் சுரண்டினேன். பெயிண்டரைச் சுரண்டினேன். கதவு ரிப்பேர் பண்ணவன் கூலியில பாதியைப் பிடுங்கிட்டு அதே கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கினேன். வெட்கமா இருக்குடி எனக்கு. இன்னியிலேர்ந்து..."

"அக்கா," என்றார் எலக்ட்ரீஷியன். "என்னால முடியலைக்கா. பாவமா இருக்கு."

"தம்பி, நீ சும்மாயிரு."

"இல்லக்கா. தலைவரே, நிஜக் கூலி பத்துதான். ரெட்டிப்பாச் சொல்லுன்னு அக்காதான் சொன்னாங்க."

தலைவரின் கை இன்னும் மேடையில் பேசுவது போல உயர்ந்தபடியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க எப்படியும் பாதியாக் குறைப்பீங்கல்ல. அதனால நாங்க எல்லாருமே உங்க வீட்டுக்கு ரெட்டிப்பாச் சொல்றது வழக்கம். தலைவர் விலைன்னே அதுக்குப் பேரு. எங்களுக்கு வரவேண்டியது முழுசா வந்துடும். உங்களுக்கும் ஒரு சந்தோஷம்."

உங்களுக்கும் ஒரு சந்தோஷம். குழந்தை கையில் கிலுகிலுப்பை கொடுப்பவர் சொல்வது போல அத்தனை அன்பாகச் சொன்னார். அன்பு என்பதால் திருப்பித் திட்டவும் வழியில்லை. "நான் போய் வயர் வாங்கிட்டு வந்துடறேன்," என்று எலக்ட்ரீஷியன் வாசலுக்கு ஓடினார். போன அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் தலைவர் செருப்புமாகப் போனார்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி ஜன்னலோரம் போய், மெஷின் ஓடாததால் ஒரு சீருடையின் விளிம்பைக் கையால் மடித்துத் தைக்கத் தொடங்கினாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க ரிட்டையர் ஆனதிலேர்ந்து."

"குழாய்க்காரன்?"

"தலைவர் விலை."

"பெயிண்டர்?"

"அவர் ரெண்டரை மடங்கு சொன்னார். அன்னிக்கு நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்க."

"அப்ப அவங்க சிரிக்கிறது..."

"வேற எதுக்குச் சிரிப்பாங்க?"

"பல் டாக்டர் கூடவா?"

"அவர் மட்டும் ஒத்துக்கலை. அதனாலதான் உங்களுக்கு இன்னும் பல் கட்டலை."

பல் இல்லாத இடத்தைத் தலைவரின் நாக்கு தானாகத் தேடிப் போயிற்று. யாரையும் சுரண்டவில்லை என்று தெரிந்ததில் சந்தோஷப்பட வேண்டியவர்தான். அவருக்கோ சுரண்டியவனாகவே இருந்திருக்கலாம் போல இருந்தது. சுரண்டியவனைக் கண்டு நாலு பேர் பயப்படவாவது செய்வார்கள்.

எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வேலைநிறுத்தம் வெற்றி பெற்ற அன்று எடுத்தது. தொழிற்சாலை வாசலில் இரண்டு பேர் தோளில் தலைவர், வாயெல்லாம் சிரிப்பு. நிர்வாகம் நூறு ரூபாய் உயர்வு என்றது. இவர் முந்நூறு என்றார். பதினாலு நாள் வேலைநிறுத்தம், பட்டினி, தடியடி. இருநூறில் கையெழுத்தாயிற்று. அந்தப் படத்தைப் பார்த்ததும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"வீட்டுல வெச்சு என்னை ஏமாத்தலாம். கட்டினவன், நம்பித் தொலைச்சேன். ஆனா அங்க, மேஜைக்கு எதிர்ல, என்னை ஒருத்தன் ஏமாத்தினதில்லை."

ஊசி மட்டும் போய் வந்தது.

"என்ன சத்தத்தைக் காணோம்? இல்லேங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இந்தக் குறுக்குப் புத்தி உனக்கு ஏது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"விடுங்க. காபி போடட்டுமா?"

"சொல்லு."

"வேணாங்க."

"சொல்லுன்னா சொல்லு."

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"உங்க மேனேஜர் வீட்டம்மா."

தலைவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எங்கிட்டதானே அவங்க துணி தைக்கக் குடுப்பாங்க. ஸ்ட்ரைக் சமயத்துல ஒரு நாள் அளவு குடுக்க வந்தாங்க. உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா தொண்டையைக் கெடுத்துக்கறார்னு கேட்டாங்க. இருநூறு ஏத்தறதுன்னு ஆபீஸ்ல முன்னாடியே முடிவாயிடுச்சாம். எடுத்ததுமே இருநூறுன்னா நீங்க நானூறு கேப்பீங்களாம். அதனால நூறுன்னு சொல்லி வெச்சாங்களாம். கொஞ்ச நாள் கத்தவிட்டுட்டுக் குடுத்துடுவோம், அவருக்கும் ஒரு சந்தோஷம்னாங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தலைவர் படத்திலிருந்த இரண்டு தோள்களைப் பார்த்தார். ஒருத்தன் அந்தப் பதினாலு நாளில் வீட்டுப் பாத்திரங்களை விற்றவன். இன்னொருத்தன் கைக்குழந்தைக்குப் பாலுக்கில்லாமல் அழுதவன், இவர் எதிரில் மட்டும் அழாதவன். ஏற்கெனவே அவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்துக்காக அவர்களைப் பட்டினி போட்டு, அந்தத் தோளிலேயே ஏறி உட்கார்ந்து இவர் சிரித்திருக்கிறார்.

"அன்னிக்கே ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லணும்னுதான் வாசல்ல நின்னேன். உங்களைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அந்த மூஞ்சியைப் பார்த்தேன். வாய் வரலை."

அவர் எழுந்துபோய்ப் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பின்னால் அட்டை. அவர் தொழிற்சாலை அட்டைதான். மறுபடி வந்து உட்கார்ந்தார். கேட்கும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஞாயித்துக்கிழமை மேடையில ஏறி நான் என்னத்தைப் பேசுவேன்?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ரெட்டிப்பாப் பேசுங்க. பாதியாவது நம்புவாங்க."