இருபத்தைந்துக்கு மேல் போகாத ஸ்கூட்டர்

"இடிச்சாச்சுன்னா வேகம்தான் சாரே. நான் சர்வீஸ்ல வேற காரணமே எழுதினதில்லை" என்றார் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் ஜெயகுமார், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல்.

சாம்பசிவன் கட்டுப்போட்ட இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையிலிருந்த எஃப்.ஐ.ஆர். நகலை மறுபடி படித்தார். ஸ்ரீவராகம் குளத்து வளைவில் மின்சார ஸ்கூட்டரில் அவர் 'அதிவேகமாக' வந்து இளநீர் வண்டியில் மோதியதாக அதில் இருந்தது. இளநீர்க்காரருக்குக் காலில் சுளுக்கு, இவருக்கு மணிக்கட்டில் விரிசல். அதெல்லாம் ஆறிவிடும். அந்த ஒரு வார்த்தை ஆறாது.

அவர் தெருச் சங்கத்தின் சாலைப் பாதுகாப்புச் செயலாளர். தெருமுனையில் 'மெதுவாகப் போகவும்' என்று இரண்டு பாஷையில் பலகை வைத்தவர். வேகத்தடைக்காக விடாமல் மனுப் போட்டு, அதையும் வாங்கியவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேகத்தின் கேடுகளைப் பற்றிப் பேசவிருந்தார்.

"அந்த இடத்தை வந்து பார்த்தேளா?"

"எதுக்கு? பார்த்தாலும் இதைத்தானே எழுதணும்."

"காரணத்தை மாத்துங்கோ சார்."

"கம்ப்யூட்டர்ல வேகம், குடி, மொபைல், ராங் சைடு, இவ்வளவுதான் இருக்கு. குடின்னு போடட்டா?"

"நான் காபிகூடக் குடிக்கிறதில்லை."

"அப்போ வேகம்."

"ரோட்டுல குழி இருந்ததுன்னு எழுதப்படாதா?"

ரைட்டர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். "போன வாரம் தார் போட்ட ரோடாக்கும். திறப்புவிழாவில ரிப்பனைப் பிடிச்சிட்டு நின்னது சார்தானே. போட்டோ பேப்பர்ல வந்ததல்லோ."

சாம்பசிவனுக்குத் தலை சூடேறியது. "அந்த வண்டி இருபத்தஞ்சுக்கு மேல போகவே போகாது. அதனாலதான் அதுக்கு லைசென்ஸே வேண்டாம்னு சர்க்கார் சொல்லியிருக்கு. போகாத வேகத்துல நான் எப்படிப் போயிருப்பேன்?"

"அப்போ அதை நிரூபிச்சாப் போதும். வெஹிக்கிள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு அபேட்சை மனு எழுதிக் கொடுங்க. மேடம் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தா நான் மாத்திடறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும், மனைவி விஜயம் கறிகாய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எழுதினா எழுதிட்டுப் போகட்டுமே. அதை யார் படிக்கப்போறா?"

"நான் படிச்சுட்டேனே."

"கோர்ட்டிலே பிழைப் பணத்தைக் கட்டினாத் தீர்ந்தது. இன்ஸ்பெக்டரையெல்லாம் எதுக்குக் கூப்பிடணும்?"

"உனக்கு மானம்னா என்னன்னு தெரியாது" என்றார் சாம்பசிவன். அவள் மீண்டும் வெண்டைக்காயை எடுத்துக்கொண்டாள்.

அவருக்குத்தான் எவ்வளவு பொறுப்பு. வண்டியில் ஏறினால் கண் மீட்டரிலேயே இருக்கும். முள் இருபத்தைந்தைத் தொட்டதும் மனத்துக்குள் ஒரு நிம்மதி. முன்பெல்லாம் பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே அவரை முந்திப் போகும். ஆறு மாதமாக ஒருவரும் முந்துவதில்லை. திருவனந்தபுரத்து டிரைவர்கள் தம்முடைய பலகையைப் படித்துத் திருந்திவிட்டார்கள் என்று அவர் சங்கத்தின் ஆண்டறிக்கையில்கூட எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் ஸ்மிதா ஜீப்பில் வந்தார். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. சாட்சிக்கு ஆள் இருப்பது நல்லதுதான் என்று சாம்பசிவன் நினைத்துக்கொண்டார். விஜயம் மட்டும் உள்ளேயே இருந்தாள்.

ஸ்மிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஜீப் பக்கத்திலேயே போனது. புறப்பட்டபோது இரண்டும் சேர்ந்து போயின. பிறகு ஜீப் பின்தங்கியது. பிறகு ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்த ஸ்மிதா சிரிக்கவில்லை. "ஜீப்பில ஐம்பத்திரண்டு, சார்."

"வண்டி மீட்டரைப் பார்த்தேளா? அதுல என்ன இருந்தது?"

"இருபத்தஞ்சு."

"அதான் சொல்றேன். ஜீப்பைச் சரிபண்ணுங்கோ."

"சார், நான்தான் மேலே உட்கார்ந்திருந்தேன். என் துப்பட்டா பறந்து போயிடுச்சு." அவர் குறிப்பெடுக்கத் தொடங்கினார். "இந்த வேகம்னா இது மோட்டார் வாகனம். ரெஜிஸ்ட்ரேஷன்?"

"கிடையாது. வேண்டாம்னுதானே..."

"இன்ஷூரன்ஸ்? லைசென்ஸ்?"

"லைசென்ஸ் காலாவதியாயிடுத்து. இந்த வண்டிக்கு வேண்டாம்னு புதுப்பிக்கலை."

"அதிவேகம் அப்படியே இருக்கட்டும். மத்த மூணையும் சேர்த்துடறேன். வண்டியை யாரோ மாத்தியிருக்காங்க. அது தனிக் கேஸ்."

கூட்டத்தில் யாரோ ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு உண்டா என்று கேட்டார்கள். சாம்பசிவனின் காது சிவந்தது. வண்டியில் கை வைத்த ஒரே ஆள் ஆரியசாலை மெக்கானிக் அகில்தான். உடனே போன் போட்டு, "இப்போ, இந்த நிமிஷம் வா" என்றார்.

அகில் கையில் கிரீஸோடு வந்து நின்றான். சாம்பசிவன் அவனை இன்ஸ்பெக்டர் முன்னால் தள்ளினார்.

"மேடம், இவன்தான் குற்றவாளி. என்னைக் கேக்காம என் வண்டியில கை வெச்சிருக்கான். ஏண்டா, யார் சொல்லி இதைப் பண்ணினே?"

அகில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், சாம்பசிவனைப் பார்த்தான், பிறகு வாசற்கதவுப் பக்கம் பார்த்தான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"மாமிதான் மாமா. பின்னாடி உட்கார்ந்து போனா கோயில் நடை அடைச்சப்புறம்தான் போய்ச் சேர முடியறது, வேகத்தைக் கூட்டிக் கொடுன்னாங்க. மீட்டரை மட்டும் இருபத்தஞ்சுலயே நிறுத்தி வை, இல்லேன்னா அவர் பயந்துபோய் எங்கேயாவது இடிச்சுடுவார்னாங்க."