எலியோதோராவின் நிழல் கடிகாரம்

கம்பத்தின் நிழல் நான்கு மணிக் கல்லை விட்டு நகர்ந்து மூன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நேரம் காலை ஒன்பதரை.

எலியோதோரா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை, நிழல் பின்னால்தான் போனது.

"என்ன தலைவியம்மா, அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சா? நான் இன்னும் காலை மாத்தே டீகூடக் குடிக்கலையே!" என்றார் பிலிபெர்த்தோ. போன தேர்தலில் அவளிடம் தோற்ற பழைய தலைவர். அன்றிலிருந்து அவளைக் கிண்டல் செய்வதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

மூன்று மாதமாக ஊர் கூடி உழைத்துக் கட்டிய கடிகாரம் அது. வீட்டுக்கு ஒரு கை, சுற்றிலும் நட வீட்டுக்கு ஒரு மரக்கன்று. பழைய காற்றாலைக் குழாயை நேற்றுச் சாயங்காலம்தான் நடுவில் கம்பமாக நட்டார்கள். இன்று ஜூன் இருபத்தொன்று, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்த அந்த ஊருக்கு வருஷத்திலேயே குட்டிப் பகல். நிழல் பன்னிரண்டைத் தொட்டதும் பூமித்தாய்க்குச் சிச்சா என்ற சோளக்கள்ளை ஊற்றிவிட்டு, குழியடுப்பில் மண் மூடி வேகவைத்த ஆட்டுக்கறியோடு விருந்து.

ஊர்க்கூட்டத்தில் பிலிபெர்த்தோ சவால் விட்டிருந்தார். "ஒரே ஒரு ஆளாவது இதைப் பார்த்து ஒரு காரியம் செய்யட்டும், நான் வாயை மூடிக்கறேன். இல்லேன்னா பதவியை என்கிட்ட குடுத்துடணும்." ரோஷத்தில் அவளும் சரியென்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

"கிறிஸ்பின்! இங்க வாய்யா!" என்று கணவனைக் கத்திக் கூப்பிட்டாள். "இது ஏன் ரிவர்ஸ்ல போகுது?"

ஊரின் ஒரே கொத்தனாரான கிறிஸ்பின், வானத்தையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தான். ஸ்பெயினிலிருந்து அவளுடைய சித்தி மகன் அனுப்பிய போட்டோ. அதைப் பார்த்துத்தான் கல் வைத்தார்கள்.

"தோரா, அவங்க ஊர்ல வெயில் தெற்கால போகுது. நமக்கு வடக்கால. அப்படின்னா நம்பர் எல்லாம் தலைகீழா வெச்சிருக்கணும்."

"இதை மூணு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"இப்பத்தானே வெயிலைப் பார்த்தேன்."

கல்லை மாற்றினார்கள். அது லேசில் நடக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் ஒரு குடும்பம் செதுக்கியது. "எங்க எட்டைக் கொண்டுபோய்க் கழுதை கட்டற பக்கம் வைக்கறீங்களா?" என்று ஒரு வீட்டில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒருவழியாகப் பன்னிரண்டைத் தவிர எல்லாம் இடம் மாறின. நிழல் இப்போது சமர்த்தாக முன்னால் போனது. கல்லில் மணி ஒன்பதரை.

"போன்ல பத்து அம்பது" என்றார் பிலிபெர்த்தோ. "தலைநகர்க்காரன் வெச்ச மணி தப்பு, நம்ம தலைவி வெச்ச மணிதான் சரி. சாப்பாடு எப்போ, நாளைக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். எலியோதோராவுக்குக் காது சிவந்தது. "கம்பத்தைக் கொஞ்சம் வளை கிறிஸ்பின். ஒன்றரை மணி நேரம் முன்னால போனாப் போதும்."

கிறிஸ்பின் கயிறு கட்டி, விருந்துக்கு வாசிக்க வந்திருந்த பாண்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இழுத்தான். கிழக்கே இழுக்க வேண்டியதை மேற்கே இழுத்தான். குழாய் வளைந்தது, வளைந்தபடியே நின்றது. நிழல் ஏழரைக்கு ஓடிவிட்டது.

"திருப்பி இழுய்யா!"

"இனிமே தொட்டா உடைஞ்சுடும் தோரா."

போனில் பகல் ஒன்றானபோது வேறொரு கூத்து. வீட்டுக்கு ஒரு கன்று என்றால், பிலிபெர்த்தோ மட்டும் தன் தோட்டத்திலிருந்து இரண்டு ஆள் உயர மோய்யே மரத்தையே பெயர்த்து வந்து வடக்குப் பக்கம் நட்டிருந்தார். அதன் நிழல் வந்து கடிகாரம் முழுவதையும் மூடிக்கொண்டது.

"இப்ப மணி என்னன்னு பாருங்க, எதுவுமே இல்லை!" என்று அவர் சந்தோஷமாகக் கை தட்டினார்.

எலியோதோராவுக்குப் பொறுமை போய்விட்டது. "கயிறைக் கொண்டாங்கடா! மரத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க!"

பாதிப் பேர் இழுத்தார்கள். மரத்துக்குச் சொந்தக்காரர் மறுபக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டார். பசி மறக்க பாண்டுக்காரர்கள் தாளம் போட, தாளத்துக்கு எல்லாரும் இழுக்க, மரம் வேரோடு வந்து பிலிபெர்த்தோவின் மடியில் உட்கார்ந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மரத்துக்கடியில் கிடந்த அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

வெயில் பளிச்சென்று கல்லில் விழுந்தது. போனில் ஒன்றரை. கடிகாரத்தில் சரியாகப் பத்து.

எலியோதோரா வளைந்த கம்பத்தைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எப்படி இருந்தாலும் அது அவள் கட்டிய கடிகாரம். அதை ஒருத்தர்கூட மதிக்கவில்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை.

"சரிங்க, ஒத்துக்கறேன்" என்றாள். "யாரும் இதை நம்பலை. பிலிபெர்த்தோ அண்ணே, பதவி உங்களுக்கே. எல்லாரும் வாங்க, போன்ல இருக்கற மணிக்கே சாப்பிடுவோம்."

ஊர் மொத்தமும் தட்டோடு குழியடுப்புக்கு ஓடியது. அங்கே சமையல்காரி நார்சிசா, குழிமேல் மண்வெட்டியால் கடைசி மண்ணைத் தட்டி மூடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து அவள் திடுக்கிட்டாள்.

"என்ன தோரா, தட்டோட வந்து நிக்கறீங்க? காலைலேர்ந்து உன் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்து, பத்து ஆச்சு, பன்னண்டுக்கு வெந்துடும்னு இப்பத்தானே ஆட்டையே உள்ள வெச்சேன்!"